பண்ணை எழுந்திருக்கட்டும்

சென்னையில் செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. விளையாட்டு வெளியே போவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே எரிச்சல் வருகிறது, எங்கே அலுப்புத் தட்டுகிறது என்று சொல்ல வேண்டும். குறை சொல்வதற்குச் சம்பளம். "அதுக்குன்னே பொறந்தவ நீ" என்பாள் அம்மா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஒவ்வொரு ஸ்டேஜின் முடிவிலும் ஒரு பெரிய ஆள் வழி மறித்து நிற்பானே, அவனை இந்தத் தொழிலில் பாஸ் என்பார்கள். அவனை அடித்துச் சாய்த்தால்தான் அடுத்த ஸ்டேஜ். அவன் சரியாக அமைந்துவிட்டால், ஜெயித்தவர் நாற்காலியை விட்டு எழுந்து கத்துவார். அமையாவிட்டால் போனைத் தூக்கி மெத்தையில் எறிவார். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, இவன் கஷ்டமா இருக்கானா, அநியாயமா இருக்கானா, எப்படிக்கா கண்டுபிடிக்கறது?" நல்ல கேள்விதான். நான் அதைக் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அப்பா ஒரு ராட்சசனிடம் நாள் தவறாமல் உதை வாங்கிய வருஷத்தில்.

காவிரியில் தண்ணீர் வராத வருஷம் அது. மேட்டூரில் தண்ணீர் இல்லையென்று குறுவைக்குத் திறக்கவில்லை. சம்பாவாவது உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்தது. நான் அப்போது தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வீட்டில் அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டிவி இருந்தது. குவைத்திலிருந்து லீவில் வந்த என் மாமா, முத்துப்பேட்டையில் ஒரு பாய் கடையில் எனக்காக ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். அதோடு ஒரே ஒரு கேசட். கத்தி வைத்த ஒரு குட்டி வீரன் கோட்டைக்குள் தாவித் தாவி ஏறிப் போவான். உச்சியில், மீசையும் தொப்பையுமாக ஒரு ராட்சசன் இரும்புத் தடியோடு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அம்மா அவனைப் பார்த்ததுமே, "அட, நம்ம பண்ணை!" என்றாள். எங்கள் ஊரில் பண்ணை என்றால் பெரிய நிலக்காரக் குடும்பம். என் தாத்தா அவர்கள் வயலில்தான் காலமெல்லாம் வேலை செய்தார். அன்றிலிருந்து டிவியில் இருந்தவனுக்கும் அதே பெயர்.

பெட்டி வந்தது எனக்கு. விளையாடியது அப்பா. வயலில் வேலை இல்லாத மனுஷன் எவ்வளவு நேரம்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்? முதலில் நான் விளையாடுவதை வேடிக்கை பார்த்தார். அப்புறம், "குடு, நான் ஒரு தடவ போய்ட்டு வர்றேன்" என்று, ஏதோ கடைக்குப் போவது போல ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கினார். அதன் பிறகு அது என் கைக்குத் திரும்பி வரவே இல்லை. பள்ளத்தில் விழுந்தார், முள்ளில் குத்திக்கொண்டார், எல்லாம் பழகிப்போனது. பண்ணையிடம் போய்த்தான் மாட்டிக்கொள்வார். வேலையை முடித்துவிட்டு எட்டிப் பார்க்கும் அம்மா, "என்னங்க, பண்ணைகிட்ட இன்னைக்கும் ஒதயா?" என்று கேட்பாள். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரிப்பார்.

அவர் சிரித்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அதே வருஷம் நிஜப் பண்ணையோடும் எங்களுக்குத் தகராறு நடந்துகொண்டிருந்தது. அப்பா உழுத மூன்று மா நிலம் அவர்களுடையது. ஒரு ஏக்கர். தாத்தா காலத்தில் பெரிய பண்ணையார் வாய் வார்த்தையாகக் குத்தகைக்கு விட்டது. அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவர்கள் பங்கு நெல்லை அளந்து கொடுத்துவிடுவோம். ஊரே நின்று பார்க்கும். ரசீது என்று ஒன்றை அவர்கள் கொடுத்ததும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. கேட்டால் பெரியவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். பெரியவர் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிக்கொண்டு போனவர், மெயின் ரோட்டை ஒட்டியிருந்த இந்த நிலத்தை மனை போட்டு விற்க நினைத்தார். எங்களைக் கூப்பிட்டு, நிலத்தை விட்டுக் கரை ஏறச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டு, ஒரு வக்கீலைப் பிடித்து, தாலுகா ஆபீஸில் உழுகிறவன் என்று தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போட்டார். பதிவாகிவிட்டால் யாரும் லேசில் இறக்கிவிட முடியாது. பதிவாகாவிட்டால் அந்த மூன்று மா போனதுதான். எங்களுக்கு வேறு நிலம் கிடையாது.

விசாரணை நாள்களில் நான் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு அப்பாவோடு போவேன். இரண்டு பஸ் மாறி, தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மத்தியானம் வரை காத்துக் கிடந்தால், உள்ளேயிருந்து ஒருவர் வந்து "வாய்தா" என்பார். ஏன் தள்ளிப்போனது, அடுத்த முறையாவது நடக்குமா, நாங்கள் என்ன கொண்டு வரவேண்டும், ஒன்றும் சொல்ல மாட்டார். மறுபடி இரண்டு பஸ். நான் பல்லைக் கடிப்பேன். அப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "வா, போவோம்" என்பார்.

இன்றைக்கு ஒரு பாஸ் ஏன் எரிச்சலூட்டுகிறான் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மரத்தடிதான் ஞாபகம் வரும். தோற்பதில் ஒன்றுமில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் தோற்கலாம். ஆனால் ஏன் தோற்றோம் என்று தெரியவேண்டும். தெரியாமல் தோற்று, அவனிடம் மறுபடி போய்ச் சேர அத்தனை வழியும் திரும்ப நடக்க வேண்டுமென்றால், எந்த மனுஷனுக்கும் பற்றிக்கொண்டு வரும். டிவிப் பண்ணை அப்படி இல்லை. தடியால் தரையில் இரண்டு குத்துக் குத்துவான். உடனே ஒரு சுழற்று. சுழற்றப் போகிறான் என்பது அவன் தோள் அசைவதிலேயே தெரியும். உதை வாங்கினால், "தோளப் பாக்காம உட்டுட்டேன்" என்று அப்பா தன்னைத்தானே திட்டிக்கொள்வார். அவன் ஏமாற்றுவதில்லை என்பதால் அவன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. எங்களுக்குக் கோபமெல்லாம் கரண்ட் மேல்தான். அவன் உயிர் ஒரு துளி மிச்சமிருக்கும்போது பட்டென்று கரண்ட் போகும். கேசட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது. கரண்ட் வந்ததும் கோட்டை வாசலிலிருந்து மறுபடி ஏற வேண்டும். தெரு முழுக்க மின்வாரியத்தைத் திட்டும் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுச் சத்தத்துக்கு மட்டும் காரணம் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து முழுச் சண்டையையும் கவனித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். சுழற்றி முடித்ததும் பண்ணைக்கு மூச்சு வாங்கும். தடியைக் கீழே போட்டுவிட்டு, முட்டி போட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைக் குனிந்துகொள்வான். அதுதான் நேரம். அவனை அடிப்பதற்கென்றே வைத்திருக்கிற நேரம். அப்போது அடித்தால் அவன் உயிர் சரசரவென்று இறங்கும். அந்த நேரத்தில் என் அப்பா என்ன செய்தார் தெரியுமா? குட்டி வீரனை நாலடி பின்னால் நகர்த்தி, சும்மா நிறுத்தி வைத்திருந்தார்!

"அப்பா! அடிங்கப்பா! இப்பத்தான் அடிக்கணும்!"

"இரும்மா. எந்திரிக்கட்டும்."

"எந்திரிச்சா அவன் உங்கள அடிப்பான்!"

"அடிக்கட்டும். அதுக்காக, விழுந்து கெடக்கறவனப் போயா அடிக்கறது?"

"ஐயோ, அவன் விழலப்பா! மூச்சு வாங்குறான். இப்ப அடிக்கத்தான் இந்த கேமே பண்ணியிருக்கான்!"

அதற்குள் பண்ணை எழுந்து ஒரே வீச்சில் எங்கள் வீரனை முடித்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "விளையாட்டுக்கா இந்தக் கூத்து?" என்று சத்தம் போட்டாள். அப்பா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

"எங்க அப்பாவ வாசல்ல வெச்சு அடிச்சாங்க. நான் அப்ப சின்னப் புள்ள. பண்ணை வீட்டு வேலி ஓரமா நின்னு பாத்துட்டு இருந்தேன். ஏதோ மாடு பயிர்ல வாய வெச்சிருச்சுன்னு. அவரு அப்படியே நெடுஞ்சாண்கிடையா கால்ல விழுந்தாரு. விழுந்தா உட்ருவாங்கன்னு நெனச்சேன். விழுந்ததுக்கு அப்பறந்தான் அடிச்சாங்க."

இதை அவர் அதற்கு முன்னால் என்னிடம் சொன்னதே இல்லை. அப்புறம் ஊருக்குள் செங்கொடி ஏறியது, சட்டங்கள் வந்தன, அடி நின்றது, கூலி கூடியது, அதே பண்ணை கூப்பிட்டுக் குத்தகைக்கும் நிலம் விட்டது என்று கதையின் மிச்சத்தை மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒயரை மறுபடி சொருகிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டாவது குத்துக்கும் சுழற்றுக்கும் நடுவில், கண் சிமிட்டும் நேரத்துக்கு ஒரு இடைவெளி இருந்தது. அந்த விளையாட்டைச் செய்தவர்களே அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். அதற்குள் புகுந்து ஒரே ஒரு அடி, உடனே விலகல். அவன் முட்டி போட்டால் இவர் தள்ளி நிற்பார். எழுந்தால் மறுபடி உள்ளே. நாற்று நடுவது போல ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். முட்டி போட்டவனை அடித்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிற சண்டை அவருக்கு முக்கால் மணி நேரம் இழுக்கும். கடைசியில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் கருணை காட்டியது. பண்ணை நின்ற நிலையிலேயே தடுமாறி, நாற்காலியோடு சாய்ந்தான். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, யாருக்கோ என்னமோ ஆகிவிட்டதென்று ஓடி வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும், "அடச்சீ, இதுக்கா!" என்று உட்கார்ந்து அவளும் பார்த்தாள். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது.

"என்னம்மா போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு போட்டிருக்கான்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டார். ஆனால் முகமெல்லாம் பல். அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கடையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த விசாரணைக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்களிடம் ஒரு செய்தி சொன்னார். பண்ணை வீட்டு மகனுக்கு நெஞ்சுவலி, முந்தின நாள்தான் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் மனைவி தனியாகக் கிடந்து அல்லாடுகிறார். அப்பா "ச்சூ" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு முந்தின இரண்டு வாய்தாவுக்கும் அந்த மனுஷன் வேண்டுமென்றே வராமல் இழுத்தடித்திருந்தார். விசாரணை அதிகாரி புதிதாக வந்த ஒரு அம்மாள், கறாரானவர். இந்த முறையும் வரவில்லையென்றால் எதிர்த்தரப்பு இல்லாமலேயே முடித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

பண்ணை வீட்டு மகன் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. அவர் வக்கீலையும் காணோம். மறுபடியும் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அதிகாரி பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, பின்னால் நின்றிருந்த அப்பா கையைத் தூக்கினார்.

"அம்மா, அவருக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. இன்னொரு வாய்தா குடுங்கம்மா."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. மனுப் போட்டது நான்தாங்க."

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் வக்கீல் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், மரத்தடியில், "ஏன்யா, உனக்கு நான் வக்கீலா, இல்ல அவனுக்கு நீ வக்கீலா?" என்று கேட்டார். அன்று உத்தரவு கிடைத்திருந்தாலும் அதோடு எல்லாம் முடிந்திருக்காது, உடம்பு சரியானதும் அவர் காரணம் காட்டித் திரும்பத் திறக்கப் பார்ப்பார், அது உண்மைதான். ஆனாலும் கையில் உத்தரவோடு நிற்பது வேறு, வெறும் கையோடு நிற்பது வேறு என்றார் வக்கீல். எனக்கும் அது புரிந்தது. பஸ்ஸில் நான் அப்பாவை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, போய் உலையில் அரிசியைப் போட்டாள்.

நான் பயந்தபடியே நடந்தது. பண்ணை வீட்டு மகன் தேறி வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து பெரிய வக்கீல். கூடவே அவர்கள் வீட்டுப் பழைய காரியஸ்தர். என் அப்பா குத்தகைக்காரர் இல்லை, கூலிக்கு வேலை பார்த்தவர்தான் என்று அந்தக் காரியஸ்தர் சாட்சி சொன்னார். களத்தில் எங்கள் நெல்லை அளந்து வாங்கிய அதே கை! பண்ணை வீட்டு மகனும் அதையே சொன்னார். சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னார். எங்கள் பக்கம் சாட்சிக்கு ஊரிலிருந்து வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று அவசர வேலை வந்துவிட்டது. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பிள்ளைகளும் அந்தத் தென்னந்தோப்பில்தான் தேங்காய் பறிக்கிறார்கள்.

மனு தள்ளுபடி ஆனது.

விளையாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது என்றால், அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து உள்ளே வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அப்பாவைப் போல ஒருவர் வந்து, முட்டி போட்டவனை அடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாலும், அவரும் ஜெயிக்க ஒரு சின்ன இடைவெளியை அதில் விட்டிருந்தார்கள். தெரிந்து விட்டார்களோ தெரியாமல் விட்டார்களோ. தாலுகா ஆபீஸில் அவருக்காக அப்படி எதையும் யாரும் விட்டு வைத்திருக்கவில்லை. இன்றும் நான் ஒரு பாஸைப் பார்க்கும்போது, அவன் எவ்வளவு பலசாலி என்று முதலில் பார்ப்பதில்லை. என் அப்பா வந்தால் இவனிடம் அவருக்கு ஒரு வழி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இல்லையென்றால் மாற்றச் சொல்லிச் சண்டை போடுவேன். பிள்ளைகளுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்தான்.

தீர்ப்பு வந்த அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தது. அப்பா ஜன்னலோரம், நான் பக்கத்தில். வழியெல்லாம் தரிசு. அங்கங்கே போர் செட் இருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னைக்கு நீங்க வாய மூடிக்கிட்டு நின்னிருந்தீங்கன்னா, இன்னைக்கு குத்தகை நம்ம பேர்ல பதிவாகியிருக்கும். அவரு உங்களுக்காக ஒரு வார்த்த பேசுனாரா? ஒரே ஒரு வார்த்த?"

"பேசல."

"அப்பறம் என்னத்துக்குப்பா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தார், நான் பார்த்தேன்.

"வலிக்குதும்மா. வலிக்கலன்னு யாரு சொன்னா? எங்க அப்பா காலு பட்ட எடம் அது. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல எனக்கு. ஆனா அன்னைக்கு அந்தம்மா பேனாவ எடுத்தப்ப, அவரு அங்க மூக்குல குழாயோட கெடப்பாருன்னு நெனப்பு வந்துச்சு. கை தானா மேல போயிருச்சு."

நான் அழுதுவிட்டேன். கோபமும் போகவில்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போய், திரும்பி வரும்போது மெல்லக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார்:

"இதுக்கு மேல போக வழி இருக்காம்மா?"

"இருக்கு. கோட்டாட்சியர்கிட்ட அப்பீல் போடலாம்."

"ம். அவரு இப்ப நல்லாத்தானே இருக்காரு?"

"யாரு?"

"அவருதான். நெஞ்சுவலியெல்லாம் சரியாப் போச்சுல்ல? மாடிப்படியெல்லாம் அவரே ஏறி வந்தாரே."

"அவருக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்காரு!"

"அப்பச் சரி" என்றார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "வக்கீல்கிட்டச் சொல்லு. போட்ருவோம்."

எங்கள் ஊர் வருவதற்குள் வக்கீலுக்குப் போன் போட்டுவிட்டேன்.